மன்னார்: கடைக்கோடியா, தலைவாசலா?

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வைத்தியத்துறை சார்ந்த ஏதாவது ஒன்றை நான் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நீரிழிவைப் பற்றி எழுதலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் இம்மலர் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, சென்னை, புத்தளம் என்று எங்கெங்கோ வாழும் சகோதரிகளின் கைகளுக்குப் போகவிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. "அம்மா படித்த ஊர் எப்படிப்பட்டது?" என்று அவர்கள் கேட்டால் வாசித்துக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும் என்று எமது ஊரின் கதையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் மன்னார் இடது ஓரத்தில் இருந்தது. அதற்கப்பால் நீலம் மட்டுமே. அரச உத்தியோகத்தர்களுக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்தால் அதைத் தண்டனையாக எண்ணுவார்கள் என்பதும் எங்களுக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. "கடைக்கோடி" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தோம். அது முழு உண்மை அல்ல என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்து கொண்டேன்.

நிலமும் கடலும்

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒரு மணல் நிலம். அதன் கிழக்கு முனையில் கோட்டையும் பட்டினமும், மேற்கு முனையில் தலைமன்னாரும் உள்ளன. நடுவே எருக்கலம்பிட்டி, தாராபுரம், தோட்டவெளி, பேசாலை முதலிய ஊர்கள். பெருநிலத்தோடு தீவை இணைப்பது ஆழமற்ற கடல்நீரேரியின் மேல் செல்லும் தாம்போதியும் பாலமும் ஆகும். 1990இல் தகர்க்கப்பட்ட அந்தப் பாலத்துக்குப் பதிலாக இன்றுள்ள பாலம் 2010இல் திறக்கப்பட்டது.

தலைமன்னாருக்கு மேற்கே மணல் திட்டுகள் வரிசையாகத் தொடங்குகின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் இத்திட்டுகள் சுமார் 30 கிலோமீற்றர் சென்று தனுஷ்கோடியைத் தொடுகின்றன. இத்திட்டுகளுக்கு வடக்கே இருப்பது பாக்கு விரிகுடா. ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியானது. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அது விரைவில் ஆழமாகிப் பெருங்கடலோடு கலந்துவிடுகிறது. எங்கள் ஊரின் வரலாறு முழுவதும் இந்த இரு கடல்களுக்கும் நடுவே இருப்பதனால் வந்ததே.

தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. எமது கிணறுகள் அந்தப் படையிலிருந்தே நீர் பெறுகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே வந்துவிடும். "வாளியை அடியில முட்ட விடாதே, பிள்ளை" என்று எங்கள் அம்மம்மா சொன்னதற்கு அதுவே காரணம். பெருநிலப் பக்கத்தின் கதை வேறு. அங்கே அருவியாறு பாய்கிறது. சிங்களத்தில் அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர். அநுராதபுரத்தைக் கடந்து வரும் அந்த ஆற்றின் நீரை மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பி, மாதோட்டத்து வயல்களை விளைவித்தனர் முன்னோர். தீவில் மீனும் உப்பும் பனையும், மாதோட்டத்தில் நெல் என்ற பங்கீடு இன்றும் மாறவில்லை.

காற்றும் மழையும்

இலங்கையின் மிகவும் வரண்ட பிரதேசங்களில் மன்னாரும் ஒன்று. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்கையில், எங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான்.

பள்ளிக் காலத்தில் எங்களுக்கு மாதங்களைவிடக் காற்றுகளே நன்றாகத் தெரியும். மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை சோளகம் வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கியதும் இந்நிலை தலைகீழாகும். எனவே மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பத் தோணிகளையும் வாடிகளையும் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுவார்கள். சோளகக் காலத்தில் வெள்ளைச் சட்டையில் மணல் படியாமல் வகுப்புக்குப் போன மாணவி எவளும் இருந்திருக்க மாட்டாள்.

அந்தக் காற்றுக்கு இப்போது விலையுண்டு. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளுடன் 100 மெகாவாற் மின்நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே வான்வழியேதான் ஆண்டுதோறும் வடதுருவப் பக்கமிருந்து இலட்சக்கணக்கான பறவைகள் வந்து இறங்குகின்றன. அவை தங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலமாக இருக்கிறது. மேலும் காற்றாடிகள் வேண்டுமா என்ற கேள்வியில் ஊர் இன்று கொதிக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் அவற்றின் முன்னே நின்று படம் எடுக்கும்போது இதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

துறைமுகமாக இருந்த காலம்

மாதோட்டம் என்று தேவாரமும் மகாதித்த என்று மகாவம்சமும் கூறும் பெருந்துறை, இன்றைய மாந்தையில் திருக்கேதீஸ்வரத்தின் அருகே இருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. அநுராதபுர இராச்சியத்துக்குக் கடல்வாசலாக விளங்கியதும் அதுவே. 1980களில் அங்கே நடந்த அகழ்வாய்விலும் பின்னர் செய்த ஆய்வுகளிலும் சீனப் பீங்கான்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் மிளகும் கராம்பும் வெளிவந்தன. கராம்பு கிழக்கே வெகு தொலைவிலுள்ள மலுக்குத் தீவுகளில் விளைந்த பண்டம்.

உலகின் இரு பக்கத்துப் பொருள்களும் இங்கே ஏன் சேர்ந்தன? பெரிய கப்பல்களால் மணல் திட்டுகளைத் தாண்ட முடியாது. ஆகவே ஒரு கடலிற் சரக்கை இறக்கி மறு கடலில் ஏற்ற வேண்டும். காற்று மாறும்வரை வணிகர் காத்திருக்கவும் வேண்டும். எங்களைக் கடைக்கோடி ஆக்கியதாக நாம் எண்ணும் அதே மணல்தான் ஒரு காலத்தில் எங்களை உலகத்தின் நடுச்சந்தியாக வைத்திருந்தது. பள்ளிமுனையில் நிற்கும் பெருத்த பெருக்கமரத்தை நினைவிருக்கும். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தை அரபு வணிகர் கொண்டு வந்தனர் என்றே சொல்லி வருகிறோம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தனர். கத்தோலிக்கராக மாறிய மன்னார் மக்களை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். திருக்கேதீஸ்வரத்தின் கற்கள் அதற்குப் போயின என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரே ஊரில் இரு சமயத்தாருக்கும் அக்காலத்துக் காயங்கள் உண்டு. நாமோ ஒரே வாங்கில் இருந்து படித்தோம். 1658இல் கோட்டை ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் போனது.

இவர்கள் எல்லோரையும் இழுத்தது முத்து. பங்குனி, சித்திரையில் இரு பருவக் காற்றுகளுக்கு இடையே கடல் அமைதியாகும்போது சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஒரு நகரமே முளைக்கும். இந்தியக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிகாரர் வருவர். காலிற் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு மூச்சில் அள்ளிய சிப்பியுடன் மேலே வருவர். சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிகள் கரையில் நின்று மந்திரம் ஓதுவர். ஆங்கிலேயர் காலத்தில் அள்ளியதில் மூன்றில் ஒரு பங்கே குளிகாரருக்கு, மீதி அரசுக்கு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1925இன் பின் பெருங்குளிப்பு எதுவும் நிகழவில்லை. முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகள் மட்டும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

நடந்து போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

முத்துக்குளிப்பைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்தோம். ஆனால் எமது கரை கண்ட மிகப் பெரிய மனிதப் பயணத்தைப் பற்றிப் பாடசாலையில் நான் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் தோணிகளில் வந்து இறங்கியது மன்னார்க் கரையில். இங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். குடிக்க நல்ல நீர் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழி நெடுகக் கொன்றன. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு வைத்தியராக அந்தப் பாதையை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். கொதித்தாறிய நீரும் உப்பும் சீனியும் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் அவை. மலையக மக்கள் வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் பலர் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தனர்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் ஒரே சீட்டை எடுத்துச் சென்னை வரை போகலாம். எங்கள் பாட்டிமார் தீபாவளிக்குப் பட்டும் பாத்திரமும் வாங்க அக்கரைக்குப் போய் வந்ததை இன்று நாம் மட்டக்களப்புக்குப் போவதைப் போலத்தான் சொல்வார்கள். ஆனால் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் மட்டும் அக்கரையில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்ட பின்பே கப்பலேற விடப்பட்டனர். ஒரே வாசலில் இரு விதமான வரவேற்பு இருந்தது.

1964 இந்த வாசலை இரு முறை உலுக்கிய ஆண்டு. ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் கடலுக்கு இரையானது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் பெருந்தொகையினர் அக்கப்பலில்தான் ஏறினர். பாட்டன் நடந்து வந்த கரையில் பேரன் மூட்டை முடிச்சுடன் வரிசையில் நின்றான். அந்நாளில் தலைமன்னார் இறங்குதுறையில் கேட்ட அழுகையை எங்கள் அம்மாமார் இன்றும் சொல்லுவார்கள்.

கோடு விழுந்த பிறகு

1974இலும் 1976இலும் செய்த உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் எல்லைக் கோடு வரையப்பட்டது. 1980களில் போர் முற்றத் தொடங்கியதும் கப்பல் நின்றது. 1990 ஜூனில் புகையிரதமும் நின்றது. சந்தி முட்டுச்சந்தாகியது அப்போதுதான்.

அந்த ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பு மாணவி. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தோம். என் இடப்பக்கம் இருந்தவள் பேசாலை. வலப்பக்கம் இருந்தவள் உப்புக்குளம். போர் மூண்டதும் பாடசாலை பூட்டப்பட்டது. பேசாலைக்காரி ஓர் இரவு குடும்பத்துடன் படகேறி இராமேஸ்வரம் போனாள். அகதிகளாகப் போன அவர்களைக் கொண்டு போய் வைத்ததும் மண்டபம் முகாமில்தான். ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் ஆயுதம் தாங்கியோரால் சில நாள்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக் கொண்டு தோணிகளில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். பலகாலம் கழித்து நாங்கள் மீண்டும் வகுப்பிற் கூடியபோது என் இரு பக்கமும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பயந்திருந்தோம்.

போர் முடிந்த பின் பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2015 மார்ச்சில் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் வரை வந்தது. கப்பல் மட்டும் இன்னும் பேச்சளவில் நிற்கிறது.

நுளம்புக்குக் கோடு தெரியாது

என் தொழிலிலிருந்து ஒரு செய்தியைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனமில்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல் இனங்காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இலங்கையில் அதற்கு முன் கண்டிராத இனம். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. மற்ற மலேரியா நுளம்புகளைப் போலன்றிக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரவல்லது.

கடற்படையும் கடவுச்சீட்டும் தடுக்காத ஒன்றைக் கிணற்றடியில் கண்டு பிடித்தவர்கள் எமது சுகாதார ஊழியர்கள். அதன் பிறகு பாழடைந்த கிணறுகளை மூடுவதும், பாவிக்கும் கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்களை விடுவதும் மன்னாரின் அன்றாட வேலையாயிற்று. நாடு முழுவதும் மலேரியா இன்றி உறங்க மன்னாரில் யாரோ ஒருவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் இருப்பவனுக்கு உள்ள பொறுப்பு அது. ஊருக்கு வரும் சகோதரிகளுக்கு ஒரு சிறு வேண்டுகோள்: ஆளில்லாமல் கிடக்கும் உங்கள் வீட்டு வளவில் கிணறு இருந்தால் அதை மூடுவதற்கு ஒழுங்கு செய்யுங்கள்.

யார் பழைய மாணவி?

சில ஆண்டுகளுக்கு முன் நான் புத்தளத்தில் கடமையாற்றினேன். ஒருநாள் கிளினிக்குக்குத் தாயாரைக் கூட்டி வந்த ஒரு பெண் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். மருந்துத் துண்டை எழுதிக் கொடுத்த பின்பும் எழும்பவில்லை. "டொக்டர், என்ட அழிறப்பரை எப்ப திருப்பித் தாறீங்க?" என்றார். என் வலப்பக்கத்து உப்புக்குளம்! அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக் கொண்டு விடவில்லை. வெளியே இருந்த நோயாளர்கள் கொஞ்ச நேரம் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் சங்கத்தில் சேரும்படி அவளைக் கேட்டேன். படிவத்தை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பாடசாலையை விட்டு விலகிய திகதி, விடுகைப் பத்திர இலக்கம் என்று இரு வெற்றிடங்கள் அதில் இருந்தன. "நான் விலகேல்ல. எனக்கு விடுகைப் பத்திரமும் யாரும் தரேல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

நூறு ஆண்டுகளில் எமது பாடசாலையிலிருந்து எத்தனையோ பேர் பட்டம் பெற்றும் பதவி பெற்றும் சிறந்திருக்கிறார்கள். இம்மலரின் மற்றப் பக்கங்களில் அவர்களுடைய பெயர்கள் பெருமையுடன் இருக்கும். அவர்களோடு, இடையில் அறுந்து போன பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். 1990இல் தெற்கே தோணி ஏறியவர்கள், மேற்கே படகு ஏறியவர்கள், அதற்கும் முன் கப்பலேறிப் போன மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள் எவரேனும் எங்களுடன் படித்திருந்தால் அவர்கள், எல்லோரும் பழைய மாணவிகளே. பழைய வரவுப் பதிவேடுகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்து அப்பெயர்களைத் தொகுக்க ஒரு சிறு குழு அமைப்போம். அந்த இரு வெற்றிடங்களையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக "எந்த வகுப்பில் படித்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்?" என்று கேட்டால் போதும்.

மன்னாரைக் கடைக்கோடி ஆக்கியதும் தலைவாசல் ஆக்கியதும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் முடிவுகளே. அவற்றில் எமக்குப் பங்கு இருக்கவில்லை. ஆனால் எமது சங்கத்தின் வாசலைத் திறப்பது எமது கையில் இருக்கிறது.

அந்த அழிறப்பரை நான் இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கொண்டு வருவேன்.